மணிமேகலை படித்து முடிக்கும்வரை

குஜிலியம்பாறை சூர்யகலாவுக்கு எண்பதாம் வருடம் நாலு வயது. எண்பத்தொன்பதிலும் நாலு வயதுதான். அந்தப் பக்கம் மழை தவறிய வருடங்களைச் சொல்கிற குரலில்தான் இதையும் சொல்வார்கள்.

காரணம் மணிமேகலை. டாக்டர் படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பெண். வீரலட்சுமி தன் மகள் சூர்யகலாவை இடுப்பில் தூக்கி வந்து, நாலு எட்டு வைத்தாலே பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்றாள். மணிமேகலை நெஞ்சில் குழலை வைத்தாள். துடிப்புக்கு நடுவே, மூங்கில் புதருக்குள் காற்று நுழைவது போல் ஓர் இரைச்சல். இதயத்தில் ஓட்டை. அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் மெட்ராசில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர்களின் இதயத்தைப் பார்க்கவே பொழுது போதவில்லை. மணிமேகலை பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "நான் போயி இதுக்குன்னே படிச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் நீ அப்படியே இரு, என்ன?" என்றாள். பிள்ளை தலையாட்டியது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

அடுத்த தீபாவளிக்கு வீரலட்சுமி ஒரு சுற்றுப் பெரிதாகக் கவுன் எடுத்தாள். பழையதே போதும் என்றாகிவிட்டது. அதற்கடுத்த தீபாவளிக்குக் கடைப்பக்கமே போகவில்லை. நகம் வளரவில்லை, பால்பல் ஆடவில்லை, ஓட்டையும் பெரிதாகவில்லை. பின்னால் பிறந்த தம்பி அழகர் அக்காவை எட்டிப்பிடித்து, தாண்டி, ஆறு வயதில் அவளைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தான். "எங்கக்கா" என்பான் மரியாதையாக. கேட்டவர்களும் "ஆமப்பு, அக்காதான்" என்றுவிட்டுக் கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போனார்கள்.

மணிமேகலை மதுரையில் குழந்தை மருத்துவம் படித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு இன்னும் எம்புட்டுத்தான் படிக்கும்?" என்று கேட்டு, பதில் கிடைத்ததும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு மெட்ராசில் இதயப் படிப்பு. "குழந்தைக்கு மட்டும்னு தனியாவா? அப்படி ஒரு பிரிவே இல்லையேம்மா" என்றார் பேராசிரியர். கடைசிப் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. சேதி கேட்டு விடுதி வாசலில் வந்து நின்றாள் வீரலட்சுமி, மடி நிறைய அவித்த கடலையோடு.

"ஏம்மா, நீ பாட்டுக்குப் பெயிலாப் போயிட்ட. எம்புள்ளயில்ல இன்னொரு வருசம் நாலு வயசுலயே கெடக்கா! இதத் தின்னுட்டுப் படி."

மறு தடவை தேறினாள்.

ஊர் திரும்பி வீரலட்சுமி வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் மணிமேகலைக்குப் பயம் பிடித்தது. தொடாதவரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தொட்டால் காலம் ஓடத் தொடங்கும். அறுவைச் சிகிச்சையில் உயிர் போனாலும் போய்விடும். தயங்கி நின்றவளைச் சூர்யகலா நிமிர்ந்து பார்த்தாள்.

"படிச்சு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப நான் அசையலாமா?"

மணிமேகலை வீரலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "என்னைய ஏன் பாக்குற? நான் போயிச் சேந்தப்புறமும் இவ அழகரு இடுப்புலயேவா ஒக்காந்திருப்பா? கூட்டிட்டுப் போ" என்றாள் வீரலட்சுமி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மெட்ராசில், ஓட்டை எங்கே, எத்தனை பெரிது என்று மணிமேகலை எக்கோ மிஷினில் பார்த்துச் சொல்ல, அறுவை டாக்டர் தைத்தார். பிள்ளை கண் விழிப்பதற்குள் வீரலட்சுமி எல்லாச் சாமிக்கும் நேர்ந்து முடித்திருந்தாள். விழித்து, இட்லி கேட்டு, ஒரு வாய் கடித்ததும் முன்பல் ஆடியது. வீரலட்சுமி போட்ட குலவையில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்சம்மா அதட்டினாள், பிறகு பல்லைத் தானும் ஆட்டிப் பார்த்தாள்.

ஜூன் மாதம் அழகர் அக்காவைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனான். அவன் மூன்றாம் வகுப்பு. "சார், எங்கக்கா. ஒண்ணாப்புல சேத்துக்கங்க" என்றான். சார் சேர்த்துக்கொண்டார்.

மணிமேகலை திண்டுக்கல்லிலேயே குழந்தைகளின் நெஞ்சுக்கென்று ஆஸ்பத்திரி வைத்தாள். குழலை வைக்கும்போது எந்தப் பிள்ளையிடமும் வெறுமனே 'அப்படியே இரு' என்று சொல்லமாட்டாள். "செத்த நேரம் அப்படியே இரு கண்ணு" என்பாள். கேட்டு முடித்ததும் மறக்காமல், "ம், இனி அசையலாம்" என்பாள்.