யார் பிடிப்பது?

எக்ஸ்ரே கதிர் ஒரு வினோதமான விருந்தாளி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்காது. வந்துபோனதற்கு அடையாளமும் உடனே தெரியாது. அதனோடு பல ஆண்டுகள் குடித்தனம் நடத்திய எக்ஸ்ரே அறைப் பெண்ணுக்கு இதெல்லாம் மனப்பாடம். இருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை கருவுற்று, எல்லாரிடமும் சொல்லி, இரண்டு முறையும் இழந்தவள். இம்முறை கணவனைத் தவிர யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்றிருந்தாள்.

அன்று காலை, முழங்கை வீங்கிய சிறுமியோடு ஒரு தாய் வந்தாள். மேசையில் கிடத்தியதும் குழந்தை மீனாய்த் துள்ளியது. தாய்க்கோ நிறைமாதம், உள்ளே நிற்கக் கூடாது. இத்தகைய வேளைகளில் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு தானே குழந்தையைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். விதி அப்படிச் சொல்லவில்லை. அவள் கை பட்டால் குழந்தைகள் அடங்கும் என்பதால் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

"கவசத்தை மாட்டாம என்னம்மா வேடிக்கை?" என்றார், மருத்துவமனையே சித்தப்பா என்றழைக்கும் மூத்த ஊழியர்.

"இடுப்பு பிடிச்சிருக்கு, சித்தப்பா."

"நேத்து படியில ரெண்டு ரெண்டாத் தாவினியே, அப்போ இடுப்பு லீவா?"

கவசத்தை எடுத்தாள். கையை நுழைக்க மனம் வரவில்லை.

"முடியாது சித்தப்பா. உண்டாயிருக்கேன்."

அவர் முகத்திலிருந்த கிண்டல் மறைந்தது.

"போன வாரங்கூட ஒரு பையனைப் பிடிச்சேன். ஏதாவது ஆயிருக்குமா?" என்று கேட்டாள்.

"கவசம் போட்டிருந்தேல்ல? அப்போ வயித்துக்குப் போனது ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். கதிர் எவ்வளவு பட்டுதுன்னு அளக்குற உன் பேட்ஜைக் காட்டி, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிகிட்டயே கேட்டுடலாம். முன்னே போனதுக்கும் இதுக்கும் நீயா முடிச்சுப் போடாதே. ஆனா தவிர்க்க முடியுறதை எதுக்கும்மா தாங்கணும்? நீ சொன்னாத்தானே வயித்துக்குத் தனி பேட்ஜ் குடுப்பாங்க?"

"மறுபடியும் தங்காமப் போனா, எல்லாரும் பாவமாப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். பார்த்துட்டு அவங்கவங்க வேலைக்குப் போவாங்க."

குழந்தையின் தகப்பன் வெளியே காத்திருந்தான். சித்தப்பா கதவைத் திறந்து அவனை அழைத்தார். கவசம் ஏறியதும் அவன் தோள் தொய்ந்தது.

"என்னங்க, இந்தக் கனம் கனக்குது!"

"உங்க பொண்ணு மாதிரி உதைக்காது. மாட்டுங்க."

தகப்பன் குழந்தையைப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து, பொத்தானை அழுத்தினாள். படம் தெளிவாக விழுந்தது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரியின் அறையை நோக்கி நடந்தாள்.

"கூட வர்றீங்களா, சித்தப்பா?"

"வர்றேன். ஆனா பேசுறது நீதான்."

அவளே கதவைத் தட்டினாள்.