ஏழாம் பெட்டி

ஆர்விட் ஹௌகன் நிரப்பிய மூன்றாம் பெட்டித் தோட்டாக்கள் சுட்ட மறுநாள்தான் இலக்குத் தாளை அடைந்தன. இது 1973 ஜூலையில், மொன்டானாவில் கார்வர் ஓடை ஊரில் நடந்தது. மரஅறுவை ஆலையில் ரம்பம் கூர்தீட்டுபவர் அவர். எல்க் மான் வேட்டைக்கான தம் முப்பத்தைந்து காலிபர் துப்பாக்கிக்கு உகந்த வெடிமருந்து அளவைத் தேடிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு ஐந்து தோட்டா. பெட்டிக்குப் பெட்டி மருந்தை இம்மியளவு கூட்டுவார். அளவை ஒட்டுத்தாளில் எழுதி மூடியில் ஒட்டுவார். நான்காம் பெட்டியின் குண்டுகள் ஒரு வாரம் கழித்து வந்தன. ஐந்தாவதற்கு நாற்பத்தொன்பது நாள். ஆறாவதைச் சுட்டுவிட்டு ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். ஐந்து துளைகளும் ஒரே நாணயத்தால் மறைக்கும் அளவுக்கு நெருங்கி விழுந்தன. ஆனால் முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் இடையில் ஒன்றரை மாதம். இடையில் நடமாடிய எவர்மேலும் அவை படவில்லை, சேர வேண்டிய இடத்தில் மட்டுமே வெளிப்பட்டன. இவ்வளவு நல்ல துல்லியத்தைக் கண்டபின் எந்த மனிதன் நிறுத்துவான்? ஏழாவதையும் நிரப்பினார். ஆறரை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டு, சுடாமல் அலமாரியில் வைத்தார்.

அடுப்புச் சூட்டில் பசை காய்ந்து இரண்டு பெட்டிகளின் ஒட்டுத்தாள்கள் மேசையில் உதிர்ந்து கிடந்தன. தாம் ஒருபோதும் தவறியதில்லை என்ற நம்பிக்கையில், மருந்தை நிறுத்துப் பார்க்காமலே திரும்ப ஒட்டினார். 1974 வேட்டைப் பருவத்தின் முதல் நாள், தோட்டா போதாமல் வந்த மைத்துனர் டெல் கிரவுஸிடம் சுட்டவுடன் படும், வேட்டைக்கென மறுபடி நிரப்பிய இரண்டாம் பெட்டி என்று ஒன்றைக் கொடுத்தார். மதியத்துக்குள் டெல் திரும்பிவிட்டார்.

"மாப்ள, இது தோட்டாவா, தபாலா? ஓடைக்கரையில பெரிய கெடா மானு. கைநீட்டுனா தொடலாம். சுடறேன், அது பாட்டுக்குக் கொட்டாவி விடுது."

ஆர்விட் மிச்சத்தில் ஒன்றைப் பிரித்து மருந்தை நிறுத்தார். அது ஏழாம் பெட்டியின் அளவு.

"எத்தன சுட்டீங்க மச்சான்?"

"ஒண்ணு. மானத்த வாங்க ஒண்ணு போதாதா?"

ஊர் இதை வெள்ள எச்சரிக்கை போல எடுத்துக்கொண்டது. குண்டு வருவது 1981 மே மாதம், முன்பின் ஓராண்டு ஆகலாம் என்று தேவாலயத்தில் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். 1980 வசந்தத்தில் ஆர்விட் ஓடைக்கரையில் மான் நின்ற இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பழைய டிரெய்லர் வண்டியை நிறுத்தி அதிலேயே குடியேறினார். மீன் பிடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார், நாய்களை விரட்டினார். ஆலையில் வேலை போயிற்று. அவர் மனைவி மார்லிஸ் நாள்தோறும் சோற்றுப் பாத்திரத்தில் மான்கறிக் குழம்பு கொண்டுவருவாள். ஈராண்டில் அவள் இளைத்துப்போனதை அவர் பார்க்கவில்லை.

"அது வர்றப்ப வரட்டும். நீங்க எப்ப வீட்டுக்கு வருவீங்க?"

"யாராவது செத்தா என் கையால செத்த மாதிரி, மார்லிஸ்."

1982 ஏப்ரலில் மிசூலா மருத்துவமனையில் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நாள் குறித்தார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள். அந்த நாள் வந்தபோதும் ஆர்விட் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெல்தான் அவர் சட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

"சுட்டவன் நான்டா. ஒரு நாள் நான் நிக்க மாட்டேனா? என் தங்கச்சி கண்ண மூடறப்போ நீ பக்கத்துல இல்லன்னு வெச்சுக்க, குண்டு வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன்."

அன்று காலை பதினொன்றரைக்கு, பனி உருகிய சேற்றில் பக்கத்துப் பண்ணையின் கிடேரி ஒன்று கயிற்றுக்கு அடியில் நுழைந்தது. டெல் அதன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே விரட்ட உள்ளே போனார். டெல் சேற்றில் விழுந்தபோது வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பண்ணைக்காரர் சொன்னார். அது 1974-லேயே கேட்டாயிற்று.

மார்லிஸ் பிழைத்துக்கொண்டாள். ஆர்விட் ஊர் திரும்பியதும் மரண விசாரணை அதிகாரி அவரை அழைத்தார்.

"யாருய்யா சுட்டது?"

"அவரேதான்."

"எப்போ?"

தேதியைச் சொன்னார். அதிகாரி பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அந்த ஆண்டு டெல்லின் வேட்டை உரிமம் செல்லுபடியாகத்தான் இருந்தது, வேட்டைப் பருவமும் தொடங்கியிருந்தது. ஆகவே வழக்கு எதுவும் பதியப்படவில்லை.