இரண்டு பிக்கப்பும் ஒரு காது மெஷினும்

லூசியஸ் டார்வர் காது மெஷின் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் அவர் போகிற தேவாலயச் சபையில் அத்தனை பேரும் அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எரிச்சலான எரிச்சல்! ஆனால் மனுஷரை உள்ளுக்குள் அரித்தது வேறு. ஆர்கன் முழங்கும்போது தன்னுடைய பேஸ் கிட்டார் தனக்கே கேட்பதில்லை. தான் வாசிப்பது தனக்கே கேட்காதவன் பாடகர் குழுவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னத்தைக் கிழிப்பான்?

பழைய கிட்டாரில் ஒரே ஒரு பிக்கப்தான். கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தச் சுருள் அது. கம்பிகள் முடிகிற பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் சத்தம் கணீரென்று வரும், ஆர்கனையும் தாண்டிக் காதில் விழும் என்று கணக்குப் போட்டார். வேறொரு கம்பெனி கிட்டாரிலிருந்து கழற்றிய பிக்கப் ஒன்று கிடைத்தது. மரத்தைக் குடைந்து அதை உட்கார வைத்தார். கறுப்பு ஒயரைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் சேர்த்துப் பற்றவைத்தார். காலமெல்லாம் நகரப் பேருந்துகளுக்கு ஒயர் மாட்டிய கை அது. நிறம் பார்த்துக் கோர்த்தால் தப்பே வராது என்பது அவருக்கு வேதவாக்கு.

சத்தக் குமிழைத் திருகிப் பழையதைத் தனியாகத் திறந்தார், கும்மென்று வந்தது. புதியதைத் தனியாகத் திறந்தார்; கணீரென்று வந்தது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் மட்டும் கனமான அடிச்சத்தம் காணாமல் போய், மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. தனித்தனியே நன்றாக வருகிறதே! அப்படியானால் ஒயரில் கோளாறு இல்லை. கோளாறு காதில்தான்.

புதன்கிழமை ஒத்திகையில் இரண்டையும் திறந்து வாசித்துவிட்டு, யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று பார்த்தார். யார் சுளிப்பார்கள்! அந்தச் சபையில் சுருதி தவறினவரைக்கூடக் குறை சொல்ல மாட்டார்கள், தைரியம்தான் சொல்வார்கள். ஆர்கன் வாசிக்கிற மோசெல் அக்கா, "பரவால்ல தம்பி, கர்த்தர் கூட இருக்காரு, விடாம வாசி" என்றாள். பின்வரிசையிலிருந்து "ஆமென்!" என்று நாலு குரல் வந்தது, அதில் ஒன்று அவருடைய மனைவியுடையது. சத்தத்துக்கு இரங்குகிறார்களா, காதுக்கு இரங்குகிறார்களா? பாவம், அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மதியம் ஸ்பீக்கரைச் சமையலறைக்கே தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி எர்னெஸ்டின் கீரை அலசிக்கொண்டிருந்தாள். அவர் வாசித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான இருக்கு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"அதான் சொல்லிட்டேன்ல, நல்லாருக்குன்னு."

"எர்னெஸ்டின், என் காது போச்சுடி. அடிச்சத்தமே விழ மாட்டேங்குது. நாளைக்குப் பாஸ்டர்கிட்ட, என் எடத்த வேற ஆளுக்குக் குடுங்கன்னு சொல்லப்போறேன். இன்னிக்காச்சும் எனக்குப் பொய் சொல்லாத."

கீரையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பொய் வேணாமா? கேட்டுக்கோ. கண்றாவியா இருக்கு! தகர டப்பாக்குள்ள மாட்டுன ஈ மாதிரி இருக்கு. புதன்கிழமையிலேருந்து நாக்கக் கடிச்சிட்டு இருக்கேன். ஆசை ஆசையாப் பண்ணியிருக்க, அத எப்படிய்யா சொல்றது?"

"உனக்கும் அப்படித்தான் கேக்குதா?"

"ஏன், எனக்கென்ன காதா செவிடு?" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

லூசியஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. காது போகவில்லை. ஒயர்தான்!

அதன்பிறகுதான் மூளை வேலை செய்தது. தனியாக இருந்தால் பாடுகிறது, சேர்ந்தால் சாகிறது. அப்படியென்றால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சுருளை ஒவ்வொரு பக்கமாகச் சுற்றியிருப்பான். ஒயர் நிறத்துக்கு அது எங்கே தெரியும்? புதியதன் கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிப் பற்றவைத்து, இரண்டையும் முழுசாகத் திறந்து, தடித்த கம்பியைத் தட்டினார். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. ஒரு பாட்டு முழுக்க வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இப்ப சொல்லு. நெசத்த."

எர்னெஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் தேனா இருக்கு. நீதான் ஓடுற."

"என்னது?"

"பாட்டுக்கு முன்னால ஓடுற. கல்யாணத்துக்கு முந்தியிலேருந்தே ஓடுற. சபையில எல்லாருக்கும் தெரியும்."

லூசியஸ் அவள் பக்கமாகத் திரும்பினார். "அப்பவே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட? எல்லாரும் ஆமென் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

அவர் கிட்டாரை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. "அப்ப, பாஸ்டர்கிட்ட போக வேணாம்ங்கிற?"

"போய்த்தான் பாரேன். இப்பத்தான உருப்படியா வாசிக்கப்போற!"

ஈரக் கையால் மேஜையைத் தட்டித் தாளம் போட்டாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டே முதலிலிருந்து வாசித்தார்.