டெஸ்ட் செய்யாத வால்வு

காலை டீ ஆறுவதற்குள் வால்வுக்காரர் வேலையை முடித்துவிட்டார். அந்த எரிவாயுக் கிணற்றின் வாயில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பெரிய வால்வுகள். உள்ளிருந்து வாயு திமிறி வந்தால் கிணற்றை அடைக்க அவைதான் கதி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை துளை போடுவதை நிறுத்தி, ஆறு மணி நேரம் அழுத்தம் கொடுத்து அவற்றைப் பார்க்க வேண்டும். அவரோ போன தடவை எண்களையே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கீழ் வால்வுல ரப்பர் விரிசல் விட்டிருக்கு சார்" என்று மட்டும் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் மாத்திக்கலாம்யா. ஆறு மணி நேரம் வேலை நின்னா மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

அதோடு சரி. எல்லாரும் செய்கிறதுதானே என்று மனசுக்கு ஒரு சமாதானம். நம்மில் எத்தனை பேருக்கு இந்தச் சமாதானம் பழக்கம்!

நாலாம் நாள் மத்தியானம் கிணறு பொங்கியது. துளை போடும் மேஸ்திரி மற்றவர்களை ஓடச் சொல்லிவிட்டு, வால்வை மூடும் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றார். மூன்று தடவை அழுத்தினாராம். மேல் வால்வு பாதியிலேயே நின்றுவிட்டது. கீழ் வால்வை மூடுவதற்குள், கல்லும் சேறுமாகச் சீறிய வாயு துளை போடும் மேடையைப் பிய்த்து எறிந்தது. சாயங்காலம்தான் அவர் உடலை எடுக்க முடிந்தது.

மறுநாள் காலை, பொங்கிய கிணறுகளை அடக்குகிற குழு வந்து இறங்கியது. இருபது வருஷம் இந்த இரைச்சலில் நின்று தலைவருக்குக் காதே போய்விட்டது. 'செவிட்டண்ணன்' என்றுதான் பெயர். அவரிடம் எதையும் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

"கீழ் வால்வு நல்லாத் தாங்குதுன்னு போட்டிருக்கு" என்று அந்த டெஸ்ட் தாளைத் தட்டினார் அவர். "பட்டன் லைன் அறுந்துபோச்சு. ரெண்டு பேர் தண்ணி பீச்சுற மறைவுல போயி, கையால சக்கரத்தைச் சுத்தி மூடணும். ஒருத்தன் என் ஆளு. இன்னொருத்தன் இந்த இடம் தெரிஞ்சவனா வேணும்."

முன்னால் வந்தவன் வால்வுக்காரரின் மனைவியுடைய தம்பி. மேடையில் வேலை பார்க்கிறவன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "எங்க மாமா டெஸ்ட் பண்ணின வால்வு. எனக்கென்ன பயம்?" என்றான்.

கீழ் வால்வின் விரிசல் வால்வுக்காரருக்குத் தெரியும். பாதி மூடும்போது அந்த ரப்பர் பிய்ந்தால் வாயு இவர்கள் மேலேயே திரும்பும். கல் இரும்பில் பட்டு ஒரு பொறி பறந்தால் போதும், இரண்டு பேரும் கரிக்கட்டைதான். மேனேஜர் கண்ணாலேயே 'வாயைத் திறக்காதே' என்று மிரட்டினார். திறந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

"போகாதடா! நான் டெஸ்ட் பண்ணவே இல்லை!" என்று கத்திவிட்டார் வால்வுக்காரர்.

செவிட்டண்ணனுக்குக் கேட்கவில்லை. "எழுது" என்று நோட்டை நீட்டினார்.

வால்வுக்காரர் வாங்கி எழுதினார்: 'இரண்டு வால்வையும் சோதிக்கவில்லை. கீழ் ரப்பரில் விரிசல் இருப்பது எனக்குத் தெரியும்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அப்போ மேஸ்திரி...?" என்றான். மாமாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பக்கத்துல இன்னொரு கிணறு தோண்டி, அடியில போய் அடைக்கணும். ரெண்டு மாசமாகும். சுத்துவட்டாரத்துல ஒரு குடும்பம் இருக்கக் கூடாது" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, செவிட்டண்ணன் வால்வுக்காரரிடம் திரும்பினார். "மேஸ்திரி ஏன் ஓடலை தெரியுமாய்யா? உன் கையெழுத்தை நம்பி நின்னாரு. பார்க்காத வேலையைப் பார்த்தேன்னு எழுதுறவன், இன்னொருத்தன் சாவுக்குக் கையெழுத்துப் போடுறான். உன் கூட வேலை பார்க்கிற அத்தனை பேர்கிட்டயும் இதைச் சொல்லு."

"சொல்றேன்ணே" என்றார் வால்வுக்காரர், அழுதபடி. "முதல்ல மேஸ்திரி வீட்டுல போய்ச் சொல்றேன்."

அது செவிட்டண்ணன் காதில் விழவில்லை. மைத்துனன் காதில் விழுந்தது. "வாங்க, நானும் வரேன்" என்றான். மாமா என்று கூப்பிடவில்லை.