பதினாறு ரசீதுகள்

பஞ்சர் கடைக்காரர் மொத்தம் பதினேழு தடவை இறந்தார். பதினேழும் ஒரே பயணத்தில், இரண்டு பகலுக்குள், பதினேழு சுங்கச்சாவடிகளில் நடந்தன. ஒவ்வொரு சாவடியிலும் நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அவருடைய மனைவியின் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவர் நோயாளி ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவர். சுங்கம் கட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார், அவ்வளவுதான்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. பழைய சாலையோரத்தில் அவர் இருபத்திரண்டு வருஷம் கடை வைத்திருந்தார். தகரக் கூரை, காற்றடிக்கும் இயந்திரம், டியூபில் ஓட்டை எங்கே என்று முக்கிப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி. அங்கேயே ஒரு மூலையில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் முக்காலியும் தொலைநோக்கியுமாக ஒரு இளம் சர்வேயர் வந்தான். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான், நன்றி சொன்னான், கடைவாசலில் மஞ்சள் முளை அடித்துவிட்டுப் போனான். ஆறு மாதத்தில் கடை இல்லை; இயந்திரமும் தொட்டியும் தையல் மெஷினும் ஊருக்குள் வேறொரு சின்ன இடத்துக்குப் போயின. நெடுஞ்சாலை வந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்த அதே இடத்தில் சுங்கச்சாவடியின் மூன்றாவது கவுண்டர் வந்தது. இதுவாவது போகட்டும் என்றால், அடுத்த வருஷமே அவர்களுடைய ஒரே மகள் அந்த சர்வேயரைக் கல்யாணம் செய்துகொண்டு நான்கு மாநிலம் தள்ளிப் போய்விட்டாள். அவர் கத்தவில்லை. "கடையை எடுத்துக்கிட்டான், சரி. பொண்ணையுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன்பின் நான்கு வருஷம் மகளோடு பேச்சில்லை. அவள் ஃபோன் வந்தால் காற்றடிக்கும் இயந்திரத்தைப் போட்டுவிடுவார்.

மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனபோது அம்மாவை அழைத்தாள். "அப்பா ஒரு தடவை வந்து பாப்பாவைத் தூக்கினா போதும்மா. இந்தத் தடவையும் வரலைன்னா நான் இனிமே கூப்பிட மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கு." அந்த ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிற ரோஷம் அது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்துபோய், இயந்திரத்தை நிறுத்தி, விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு டியூபை முழுசாக ஒட்டி முடித்த பிறகு பதில் சொன்னார்.

"வரேன். ஆனா ஒரு பைசா டோல் கட்ட மாட்டேன். என் கடை மேல போட்ட ரோட்டுல போறதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

"அப்ப பறந்து வாங்க," என்றாள் அவள்.

அந்த ஊருக்கு ரயில் கிடையாது. பேருந்துச் சீட்டின் பின்புறத்தைப் படித்து, கட்டணத்திலேயே சுங்கமும் சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லாரிக்காரர்களைக் கேட்டு, ஊர் ஊராகச் சுற்றிப்போகும் மாற்றுவழி ஒன்றைக் காகிதத்தில் வரைந்தார். அதில் போனால் ஒன்பது நாள் பிடிக்கும்; அப்படியும் மூன்று இடத்தில் நெடுஞ்சாலையில் ஏறித்தான் இறங்க வேண்டியிருந்தது. இந்த நேரத்தில்தான் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர் டயரில் ஆணியோடு வந்து சேர்ந்தார். பின்னால் படுத்திருப்பவர்கள் பதில் பேசாததால், கீழே இறங்கினால் வாய் மூடாத மனிதர். அதே ஊரில் காலமான ஒருவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரப் போகிறாராம். "வரும்போது பிரச்சினையில்ல அண்ணே, உள்ளே உடல் இருந்தா எந்த டோல்லயும் காசு வாங்க மாட்டாங்க. போறப்பதான் காலி வண்டி, பதினேழு இடத்துல அழணும்." பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். தொட்டியில் குனிந்திருந்த பஞ்சர் கடைக்காரர் தலையைத் தூக்கினார்.

வெள்ளைத் துணியை அவர் மனைவிதான் தைத்தாள். பிடிக்கவில்லை, ஆனாலும் தைத்தாள். மகள் போய்விடுவாள் என்ற பயம் மற்ற எல்லாப் பயத்தையும் விடப் பெரிதாக இருந்தது. அவர் மூச்சுவிட வேண்டுமே என்று, மூக்கு வரும் இடத்தில் சீட் கவருக்கு வைக்கும் வலைத்துணியை வைத்துத் தைத்தாள். முதல் சாவடி அவர்களுடைய பழைய கடையிருந்த இடம். மூன்றாவது கவுண்டர்க்காரன் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நோட்டில் 'உடல் ஒன்று, ஆண், வயது ஐம்பத்தெட்டு' என்று எழுதி, "நீங்க என்ன உறவும்மா?" என்று மெதுவாகக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்பியைத் தூக்கினான். துணிக்கடியில் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவள் அவர் தொடையில் கிள்ளினாள். "எந்திரிச்சு நின்னான் பாத்தியா? கடையை இடிச்சப்ப ஒருத்தன் எந்திரிக்கல," என்றார்.

மூன்று சாவடி வரை கூத்தாகத்தான் இருந்தது. நான்காவதில் அவருடைய கால்விரல்கள் சில்லிட்டன. அவள் தேய்த்துவிட்டு சாக்ஸ் மாட்டினாள். ஆறாவதைத் தாண்டிச் சாப்பிட இறங்கினார்கள். பரிமாறுகிறவர் இரண்டு தட்டு வைத்துவிட்டு, மூன்றாவது நாற்காலியை அவர் உட்கார்ந்திருக்கும்போதே துணியால் துடைத்தார். அவர்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவரை சாவடிக்குச் சாவடி பொய்யாக அழுதுவந்தவளுக்கு, எட்டாவதில் பொய் தேவைப்படவில்லை. ஒன்பதாவதில் குறட்டை நின்றது. படுத்தால் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விடுகிறவர். அந்தச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க ஓட்டுநர் ஒவ்வொரு சாவடியிலும் ரேடியோவைக் கூட்டிவைப்பார். இனி அதற்கு அவசியமில்லை. பெட்ரோல் பங்கில் அவள் ஒரு வாளி தண்ணீர் வாங்கி, பஞ்சர் கடைக்காரர் பெண்டாட்டி ஆயிற்றே, அவர் முகத்தை அதில் முக்கச் சொன்னாள். முக்கினார். நூறுவரை எண்ணினாள். ஒரு குமிழி வரவில்லை.

"என்ன பாக்குற?" என்றார், முகத்தில் தண்ணீர் சொட்ட.

"போதுங்க. மீதி டோலை நான் கட்டிடறேன். கையெழுத்துப் போட எனக்குக் கை வரல."

"இன்னும் எட்டுதான். பாதிக்கு மேல வந்தாச்சு."

பதினான்காவதில் அவருடைய குரல் ஓட்டுநருக்குக் கேட்காமல் போயிற்று. பதினேழாவதில் எடை போய்விட்டது. வண்டியின் பின்புறம் இரண்டு விரல் அளவுக்கு மேலே எழும்பியதை ஓட்டுநரே இறங்கிப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்க்கவும் கேட்கவும் அவளால் மட்டும் முடிந்தது. எல்லா நோட்டிலும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான் என்பதால் இருக்கலாம். ஓட்டுநர், வெறும் இருக்கையைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு நிஜமாகவே காலமானவரை அழைத்துவரப் போனார்.

மகளின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவள் அம்மாவின் தோளைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தாள். அப்பா அவளுக்கு ஒரு முழத் தூரத்தில், தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றிருந்தார்.

"அப்பா வரலையா?"

"வந்துட்டேன் பாப்பா," என்றார் அவர். மூன்று தடவை சொன்னார். "சரி, விடும்மா," என்று மகள் உள்ளே போய், பால் புட்டிகளுக்கு வெந்நீர் வைத்தாள். அவர் தொட்டில் பக்கம் போய்க் குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தார். குழந்தை பிடிக்கவில்லை, பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. வெளியே வந்து செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "செத்தது கூடப் பரவாயில்ல," என்றார் மனைவியிடம். "நான் வரலைன்னு நினைக்கிறாளே." முப்பத்தொரு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான். எழுதியது சாவடியில் என்றால், அடித்துத் திருத்த வேண்டியதும் சாவடியில்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டு உள்ளே போனாள்.

நடந்ததை அப்படியே மகளிடம் சொன்னாள். எப்போதும் போல அம்மா அப்பாவுக்குப் பூசி மெழுகுகிறாள் என்றுதான் மகள் எடுத்துக்கொண்டாள். "கிளம்பும்மா. நானே வந்து அவர் மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கறேன்," என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரை எடுத்தாள். மருமகனுக்கு விடுப்பு இல்லை. நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்து, பால் பையைப் பின்னால் வைத்து அனுப்பிவைத்தான். பையை ஒட்டி அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டதை அம்மா மட்டும் பார்த்தாள்.

சாலை வேலை செய்கிறவன் கார் என்பதால் அதற்கு எல்லாச் சாவடியிலும் இலவசம். ஆனாலும் பதினேழாவது சாவடியில் அம்மா பணத்தை நீட்டினாள். "நமக்கு ஃப்ரீம்மா." "உனக்கு ஃப்ரீ. எனக்கில்ல." ரசீதின் பின்னால் 'நாலு பேர், எல்லாரும் உயிரோடு' என்று எழுதித் தரச் சொன்னாள். கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். "குழந்தையோட மூணு பேர்தானேம்மா?" "எழுதுங்க சார், எண்ணிக்கை என் பொறுப்பு." பின்னால் ஹாரன் அடித்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். காரின் பின்புறம் இரண்டு விரல் இறங்கிற்று. அடுத்ததில் ரப்பர் பசை வாசம் வந்தது. மகள் கண்ணாடியை இறக்கிவிட்டாள்; போகவில்லை. பதினான்காவது சாவடியைத் தாண்டியதும், பின் சீட்டிலிருந்து, நான்கு வருஷம் கழித்து, அவள் அப்பாவின் குரல் கேட்டது.

"இங்க எவ்வளவு வாங்கினான்? ரசீதைக் காட்டு."

மகள் காரை ஓரங்கட்டினாள். பின்னால் குழந்தையின் கூடையும் பால் பையும்தான் இருந்தன. "வந்தேன் பாப்பா," என்றது குரல். "வாசல்ல உன் எதிர்ல நின்னேன். மூணு தடவை சொன்னேன்." அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். கேட்க வைத்திருந்த நான்கு கேள்வியில் ஒன்றுதான் வந்தது. "ஏம்ப்பா என்கூடப் பேசல?" பிறகு, "ரோஷம்," என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "பின்னாடி வலது டயர்ல காத்து கொஞ்சம் கம்மி. பரவாயில்ல, மத்ததெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கான்," என்றார். மருமகனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை இதுதான் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

ஒன்பதாவது சாவடியில் தூக்கிய கம்பிகள் எல்லாம் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டிருந்தன. இயந்திரம் பழுதானால் காசு வாங்கக் கூடாது என்பது விதி; எல்லா வண்டியையும் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா இறங்கி, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டராகக் கெஞ்சினாள். "இன்னிக்கு வாங்கினா எங்க வேலை போயிடும்மா. சந்தோஷமா போங்க," என்றார்கள். சுங்கம் வாங்கமாட்டேன் என்றதற்காக ஒரு மனுஷி அழுததை அந்தச் சாவடி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆறாவதில் மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள், கொஞ்சம் இளைத்திருந்தார். நான்காவதில் கால் சூடு திரும்பியது. இரண்டாவதில் குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து முதல் சாவடி வரை அவர் விரலை அசைக்கவில்லை.

முதல் சாவடியில், மூன்றாவது கவுண்டரில், அவரே இறங்கித் தன் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்தார். "இந்த இடத்துலதான் என் கடை இருந்துச்சு," என்றார். "சில்லறையா குடுங்க சார்," என்றான் கவுண்டர்க்காரன். அன்று எழுந்து நின்ற அதே ஆள்தான். இன்று எழவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் எழுந்திருக்கிறார்கள்? அவர் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தார்.

இப்படிப் பதினாறு ரசீது சேர்ந்தது, பதினேழு ஆகவில்லை. ஒன்பதாவது சாவடிக்கு அவர் மனைவி பிறகு இரண்டு தடவை போய்வந்தாள். கடந்துபோன இலவசத்துக்குக் காசு வாங்க விதி இல்லை என்றுவிட்டார்கள். ஆகவே பஞ்சர் கடைக்காரருக்கு மற்றதெல்லாம் திரும்பிவந்தது, மூச்சு மட்டும் வரவில்லை. அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. சூடான டீயை ஊதமுடியாது, விசிலடிக்க முடியாது. மருத்துவ முகாமில் டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டு, குழாயை மாற்றி மறுபடியும் கேட்டு, 'சளி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். மகளும் மருமகனும் வருஷம் ஒருதடவை வருகிறார்கள். ஆண்கள் இருவரும் டயரைப் பற்றிப் பேசுகிறார்கள், போதுமானதாக இருக்கிறது. அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. முப்பத்தொரு வருஷம் குறட்டையைத் திட்டியவள், அது இல்லாமல் விழித்துக் கிடந்தாள். அவர் கண்ணயரும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். இருக்காது என்று தெரியும், ஆனாலும் பார்ப்பாள். ஐந்து வருஷம் பார்த்தாள்.

ஐந்து வயதில் பேத்தி கடைக்கு வந்து, ஒருநாள் காலை முழுக்கத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டியூபை முக்குவதும், குமிழி வரும் இடத்தில் தாத்தா குறி வைப்பதும், குமிழி வராததை ஓரமாக மாட்டுவதும் பார்த்தாள். பிறகு, "தாத்தா, உங்களை முக்கிப் பாக்கலாம்," என்றாள். அவர் மறுக்காமல் குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தார். தையல் மெஷின் நின்றது. பேத்தி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் எண்ணி முடித்தாள். பிறகு அவர் முதுகைத் தட்டினாள்.

"எந்திரிங்க தாத்தா. குமிழியே வரல. உங்களுக்கு எங்கயும் ஓட்டை இல்ல."

"அப்ப ஓடுமா?"

"நல்லா ஓடும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த டியூபை எடுத்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்று மத்தியானம் அவர் கடை பெஞ்சில் சத்தமில்லாமல் தூங்கினார். அவர் மனைவி அவரைக் கடந்து இரண்டு தடவை போனாள், வந்தாள், மூக்கருகே விரல் வைக்கவில்லை. பிறகு தைத்துமுடித்த சீட் கவரைத் தலைக்கு வைத்து, அவளும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள்.