இரண்டு புள்ளடி

கோபன்ஹேகன் மாநகரசபைத் தேர்தலுக்குத் தாரகன் பெயர் கொடுத்ததும், அவன் மனைவி சுஜீதா சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடசாலை வாசலில் நின்று பெற்றோரைப் பிடித்துக்கொண்டாள். தாரகன் வேறு தெருக்களில் கதவு தட்டித் திரிந்தான். கட்சிப் பட்டியலின் தலைப்பில் மேயர் வேட்பாளர் மாக்கிரட். அதே பட்டியலின் அடியில் தாரகன்.

"மேல மாக்கிரட்டுக்கு ஒண்டு, கீழ எங்கட ஆளுக்கு ஒண்டு. ரெண்டு புள்ளடி, மறந்திடாதேங்கோ," என்று சுஜீதா விரலால் காற்றில் பெருக்கல் குறி கீறிக் காட்டினாள்.

இலங்கையில், ஊரில், ஒரே கட்சிக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போட்டுப் பழகிய சனம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மேயரும் எங்கட, மெம்பரும் எங்கட! பிறகென்ன பிள்ளை, ஒரு றோட்டுக்கு என்ரை பேரை வைக்கச் சொல்லும்," என்று சிரித்தார் மகனைக் கூட்டிவந்த ஆனந்தராஜா.

தேர்தலன்று வேலை முடிந்து பின்னேரம்தான் சுஜீதா வாக்களிக்கப் போனாள். பென்சில் வழுக்கிக் கோடு இழுபட்டுவிட, வேறு சீட்டுக் கேட்டாள். மேசையிலிருந்த பெண் புதியதைக் கொடுத்து, ஒரேயொரு புள்ளடிதான் என்று நினைவூட்டினாள்.

ஒரே கட்சியில் இரண்டு பேருக்குப் போட்டால்?

"அது கட்சிக்குச் சேரும். ஆளுக்குச் சேராது."

பட்டியலில் எவருக்கு ஆசனம் என்பதை ஆளுக்கு விழும் வாக்குத்தான் தீர்மானிக்கும். சுஜீதா வெளியே ஓடிவந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தாள். பாதிக்கு மேற்பட்டோர் காலையிலேயே போட்டு முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் தாரகனிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் எண்ணி முடிந்தபோது மாக்கிரட் மேயராவது உறுதியாயிற்று. தாரகன் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் ஆசனத்தைத் தவறவிட்டான்.

அவன் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான். "பாத்தியே? முகத்துக்கு முன்னால ஓம் ஓம் எண்டு தலையாட்டினவை. ஒருத்தரும் போடேல்லை. இனி அந்தப் பாடசாலைப் பக்கம் என்ரை கால் படாது."

சொல்லாமல் விட்டால் அவனுக்கு ஒருபோதும் தெரிய வராது. அது சுஜீதாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அவை போட்டவை," என்றாள். "நான்தான் பிழையாச் சொல்லிக் குடுத்தனான்."

முழுவதையும் சொன்னாள். அவன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசி அடித்தது. ஆனந்தராஜா.

"தம்பி, குறை நினையாதையும். நான் உமக்குப் போட்டனான். மனுசியும் போட்டது, சத்தியமா."

தாரகன் கண்களை மூடிக்கொண்டான். "தெரியும் அண்ணை. எல்லாரும் போட்டனீங்கள். பிழை எங்கட பக்கம். சனிக்கிழமை வந்து நேர சொல்லுறன்."

தொலைபேசியை மேசையில் வைத்தான்.

"நீயும் வாறாய்," என்றான். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.