வெட்டி வாசித்த பாடம்

ஜொவிட்டாவுக்கு முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நேற்று சாயங்காலம் முழுக்கத் தரையில் மண்டிபோட்டு எழுதியதற்குக் கிடைத்த கூலி. அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டீச்சர் வேலைக்கு உடம்பு நோகாது என்று நம்பித்தான் மகளைப் படிக்க வைத்தார்.

கோட்டூர்புரத்தில் ஆற்றோரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. அவளுடைய ஆறாம் வகுப்பு கணகணவென்று வாசிக்கும். வாசித்தது என்னவென்று கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்ளும். அன்புக்கரசி இரண்டிலும் முதல்.

அதனால் ஜொவிட்டா ஒரு வழி பிடித்தாள். பாடத்தைப் பெரிதாக எழுதி, நாலாக வெட்டி, குழுவுக்கு ஒரு துண்டாகத் தரையில் விரிப்பது. யார் என்ன செய்தார் என்பதற்குப் பச்சைக் கோடு, புரியாததற்குச் சிவப்பு வட்டம். குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் கோடு விழும். கடைசியில் துண்டுகளைச் சேர்த்து முழுக் கதை.

தலைமையாசிரியை சிஸ்டர் அல்போன்சாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "இன்னைக்கு வந்து பாக்குறேன். பிள்ளைங்க பதில் சொல்லலைன்னா நாளையிலருந்து பழையபடி பெஞ்சு, கோரஸ் வாசிப்பு."

சார்ட் பேப்பர் முழங்கால் பட்டுக் கிழிந்துகொண்டே இருந்ததால், ஜொவிட்டா பழைய ஃப்ளெக்ஸ் பேனர் கேட்டிருந்தாள். நேற்று அன்புக்கரசிதான் கொண்டுவந்தாள், வெள்ளைப் பக்கம் வெளியே தெரியச் சுருட்டி. "சும்மா கெடந்துச்சு மிஸ்." இன்று காலையில் கத்தரியையும் அவளே பிடுங்கி வெட்டினாள்.

கதையில் டெரன்ஸ் என்ற மீனவர் அன்று கடலுக்குப் போகவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"சோம்பேறி. வானத்தப் பாத்துக்கினு கீறாரு. பச்ச போடு," என்றான் கதிரேசன்.

"சோம்பேறின்னு எங்கடா கீது? வெரல வெச்சிக் காட்டு," என்றாள் அன்புக்கரசி.

சிஸ்டர் வந்தார். துண்டுகள் ஒன்றுசேர்ந்திருந்தன. நேராக அன்புக்கரசியைப் பிடித்தார். "ஏன் போகல?"

ஜொவிட்டா முட்டிவலியை மறந்தாள். அன்புக்கரசி துண்டுக்குத் துண்டு விரலை ஓட்டினாள்.

"புயல் சிஸ்டர்."

"புயல்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. ஆனா படக ரெண்டு கயித்துல கட்றாரு. இங்க, அடுப்ப உள்ள எடுத்துனு போறாரு. சோம்பேறின்னா இவ்ளோ வேல செய்வாரா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே இடி உருண்டது. வாசலில் அன்புக்கரசியின் அம்மா செண்பகம், வீட்டுவேலை முடித்த ஈரப் புடவையோடு.

"டீச்சரம்மா, என் கூர ஷீட்டு மேல போட்ட பேனரு இங்க வந்துச்சாமே."

"இல்லைங்களே, இது சும்மா கிடந்த..." என்று ஆரம்பித்தாள் ஜொவிட்டா.

செண்பகம் குனிந்து ஒரு மூலையைத் தொட்டாள். கயிறு கோக்கும் வளையத்தில் சிவப்புப் புடவைக் கிழிசல் முடிச்சு. "நான் கட்னது."

கதிரேசன் துண்டைப் புரட்டினான். சந்தனம் பூசிய பாதி மொட்டைத் தலை. மற்ற குழுக்களும் ஆவலாய்ப் புரட்டின. காதுகுத்து விழா மொட்டையோடு குழந்தை அன்புக்கரசி தரையில் முழுசாகச் சிரித்தாள். வகுப்பும் சிரித்தது.

"இன்னாடி இது?"

"பஸ்சுல போறவன்லாம் நம்ம கூரையப் பாத்து மொட்ட மொட்டன்றான்மா. அதான்."

வெள்ளைப் பக்கம் வெளியே, கத்தரியைப் பிடுங்கிய அவசரம். எல்லாம் கண்முன்னால்தான் நடந்தது. ஜொவிட்டா அதில் ஒரு பச்சைக் கோடும் போடவில்லை.

"நாளைக்கும் தரையிலேயே நடத்துங்க," என்றார் சிஸ்டர். "புரட்டிப் பாத்துட்டு வெட்டுங்க."

"நாளைக்குப் புதுசு வாங்கித் தர்றேங்க," என்றாள் ஜொவிட்டா.

"மழ இன்னிக்கு வருதே," என்றாள் செண்பகம். குரலில் கோபம்கூட இல்லை.

நாலு துண்டையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினாள். முதல் தூறல் விழுந்தது. ஜொவிட்டா செண்பகத்துக்கு ஒரு கூரை பாக்கி.